அமாவாசைக் குழி

டீக்கடையில் டீ வாங்குவதற்கு முன்னால் அதே கிளாசில் கொஞ்சம் வெந்நீர் வாங்கிக் குடித்துப் பார்க்கும் மனிதரை என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எதிரே இருந்த கடை அது. முதல் நாள் மாஸ்டர், பாவம், வயிற்றுக் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்து வெந்நீரில் ஓமம் போட்டுக் கொடுத்தார். இவர் அதைத் திருப்பி வைத்தார்.

"ஓமம் வேணாங்க. வெறும் தண்ணி குடுங்க. டீயோட ருசி எது, உங்க கிளாசோட ருசி எதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

மாஸ்டர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் கிளாசை மட்டும் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார்.

ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு வாடகை வீடு. கூடத்தில் இரண்டு ஃபிரிட்ஜ், சமையலறை மேடையில் கருவிகள். கல்வராயன் மலையில் யார் யாருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். மலையேறி ரத்தம் எடுத்து வருவது நர்சான என் வேலை. அந்த ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது அந்த வெந்நீர்க்காரர் வேலை. வாசலில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். எங்கள் எல்லாருக்கும் மேலே சென்னையில் ஒரு டாக்டர், அவர் ஃபோனில் மட்டும் வருவார்.

வெந்நீர்க்காரரை நாங்கள் 'சார்' என்போம். எலவனாசூர்கோட்டைக்காரர், விவசாயக் குடும்பம், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரே மாதிரி இரண்டு பேனா இருக்கும். ஒன்றில் எழுதுவார், மற்றதைத் தொடவே மாட்டார். எழுதுகிற பேனாவில் எவ்வளவு மை தீர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதை வைத்திருக்கிறாராம். இதைக் கேட்டபோதே இந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவருடைய சோதனையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் அவரைத் தெரிந்துகொள்ள முடியாது. பணியாரச் சட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு. குழியின் அடியில் காய்ச்சல் கிருமியின் துணுக்கு ஒட்டியிருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைக் குழியில் விடுவார். அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்திருந்தால், அவர் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் துணுக்கைப் பிடித்துக்கொள்ளும். வராதவர் என்றால் பிடிக்க ஒன்றும் இருக்காது, கழுவும்போது எல்லாம் போய்விடும். ஆனால் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் இன்னொரு எதிர்ப்பொருளை விடுவார்கள். மனிதருடைய எதிர்ப்பொருளைத் தேடிப்போய்ப் பிடிப்பதுதான் இதன் வேலை. இதோடு ஒரு நொதியைக் கட்டிவிட்டிருப்பார்கள். கடைசியில் சாயநீரை விட்டால் நொதி இருக்கும் குழி நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகி நிற்கும். நொதி இல்லாத குழி வெறும் தண்ணீராகவே கிடக்கும்.

இந்த இரண்டாவது எதிர்ப்பொருள் சின்ன பாட்டிலில் ஐஸ் பெட்டிக்குள் பெங்களூரிலிருந்து வரும். அதில் என்னதான் இருக்கிறது என்று வாட்ச்மேன் ஒருநாள் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"அது ஆட்டுக்கிட்டேர்ந்து எடுக்கறது" என்றார் சார். "மனுஷனோட எதிர்ப்பொருளை ஆட்டுக்கு ஊசி போட்டா, 'யார்றா இவன் புதுசா'ன்னு அதைப் புடிக்கறதுக்கு ஆட்டு உடம்பு ஒண்ணைத் தயார் பண்ணும். அதை எடுத்து, முள்ளங்கி ஜாதியில ஒரு கெழங்கு இருக்குது, அதோட நொதியைச் சேத்துக் கட்டிடறாங்க."

வாட்ச்மேன் விரல் விட்டு எண்ணினார். "ஆடு, முள்ளங்கி... அப்ப கொழம்புதான் சார்."

சார் சிரிக்கவில்லை. "உப்புத்தண்ணியும் இருக்குது" என்று ஒத்துக்கொண்டார்.

தட்டின் முதல் குழியில் காய்ச்சலே வராத ஒருவருடைய தெளிநீரை விடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் அமாவாசை. கடைசிக் குழியில், காய்ச்சல் வந்தது நிச்சயமாகத் தெரிந்த ஒருவருடையது. அது பௌர்ணமி. "அமாவாசை இருட்டா இருக்கணும், பௌர்ணமி மஞ்சளா இருக்கணும். அது ரெண்டும் ஒழுங்கா இருந்தாத்தான் நடுவுல இருக்கறவங்க பேச்சை நான் கேப்பேன்" என்பார். அந்த அமாவாசை வேறு யாருமில்லை, அவரேதான். திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர் ரத்தத்தைத்தான் முதல் குழிக்கு எடுத்துக்கொண்டிருந்தோம். அதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்த்தால் ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி இருக்கும்.

இந்தப் பழக்கம் ஆய்வுக்கூடத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தீபாவளிக்கு வாங்கிய புடவையைக் கட்டிக்கொண்டு போய், "எப்படி சார் இருக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நேத்துக் கட்டிக்கினு வந்தது நல்லா இல்லேன்னு நீங்க ஒத்துக்கிட்டா, இதைப் பத்திச் சொல்ல முடியும்" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவர் கவனிக்கவும் இல்லை.

அவர் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது வீட்டில் ஜாதகம் பார்த்தே ஆக வேண்டும் என்று மனைவி பிடிவாதம் பிடித்தார். சார் சரி என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே அந்த அம்மாள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் ஜோசியரிடம் இரண்டு ஜாதகம் கொண்டு போனார். ஒன்று மகளுடையது. இன்னொன்று அவர்கள் தொழுவத்தில் பிறந்த காளைக்கன்றுடையது. பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் சரியாகக் குறித்து முறையாகக் கணித்து எழுதி வாங்கியது. ஜோசியர் கன்றுக்குட்டியின் கட்டத்தைப் பார்த்து, "பையன் கொஞ்சம் முரடு, ஆனா ஒழைப்பாளி. சொந்த ஊர்ல தங்க மாட்டான். தூரதேசம் போவான்" என்றாராம்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "அமாவாசையே மஞ்சளாயிடுச்சு சிஸ்டர்! இனிமே பொண்ணுக்குச் சொன்னதை எப்பிடி நம்பறது?"

ஆறு மாதம் கழித்து அந்தக் காளை சந்தையில் கைமாறி லாரி ஏறிக் கேரளாவுக்குப் போய்விட்டது. அந்த விஷயத்தில் மட்டும் மனைவி அவரை இன்றுவரை தலை நிமிர விட்டதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஒரு சிறிய ஊர். அந்த வருஷம் அங்கே காய்ச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது. ஆடு மேய்க்கும் சடைச்சி என்ற பெண் என்னைக் கண்டதும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

"போன தபாவும் ரத்தம் எடுத்துக்கினு போனீங்க நர்சம்மா. ஒரு தகவலும் காணோம். எங்க ரத்தத்தை இன்னா பண்றீங்க?"

அவர் கேட்டது நியாயம். நான் சொன்னேன்: "இந்தத் தபா அப்பிடி இல்லக்கா. காய்ச்சல்னு தெரிஞ்சா இந்த மாசமே மருந்து வேன் வரும். நானே கூட்டிக்கினு வரேன்."

சடைச்சி முந்தானையிலிருந்து கையை எடுத்து நீட்டினார். அவர் நீட்டியதால் ஊரே நீட்டியது. மாதம் ஒரு ஊருக்குத்தான் வேன். எந்த ஊருக்கு என்பதைச் சார் அனுப்பும் முடிவை வைத்துத்தான் சென்னை டாக்டர் சொல்வார்.

அப்போது கோடை. கள்ளக்குறிச்சியில் கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. சார் ஊர்க் கோயில் விசேஷத்துக்கு ஒருநாள் லீவு. குழிகளைக் கழுவும் கரைசல் ஃபிரிட்ஜில் ஒரு பெரிய கேனில் இருக்கும். மூடியைத் திறந்தேன், புளித்த மாவு வாசனை. கீழே ஊற்றிவிட்டால் ஏன் ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்று கேள்வி வரும். அலமாரியில் சோடியம் அசைடு என்று ஒரு வெள்ளைப் பொடி உண்டு. மலையிலிருந்து வரும் தெளிநீர் கெடாமல் இருக்க அதில் துளி சேர்ப்பது வழக்கம். தெளிநீரைக் காப்பாற்றுவது கரைசலைக் காப்பாற்றாதா என்ன? ஊறுகாய்க்கு உப்புப் போடுகிற தைரியத்தில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கேனில் போட்டுக் கலக்கினேன். புளித்த வாசனை அடங்கியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை சார் அந்த ஊரின் தட்டைப் போட்டார். சாயநீர் விட்டு நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஒரு குழியிலும் நிறம் வரவில்லை. 'நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் இல்லை' என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வேன் வராது என்பது உறைத்தது. சார் அதையெல்லாம் யோசிக்கவில்லை, கடைசிக் குழியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"பௌர்ணமி எங்க சிஸ்டர்?"

அதிலும் வெறும் தண்ணீர்தான்.

டாக்டர் ஃபோனில் அலுத்துக்கொண்டார். "அந்தக் கடைசி சாம்பிள் பழசாயிருக்கும் சார். மத்ததை அப்படியே எழுதி அனுப்புங்க. வேனை வேற ஊருக்கு விட்டுடலாம்."

"பௌர்ணமி வராம நான் எதையும் எழுத மாட்டேன் சார்."

"என்ன பௌர்ணமி?"

சார் விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. "வெள்ளிக்கிழமைக்குள்ள வேற முடிவு குடுங்க. இல்லேன்னா இதுதான் முடிவு" என்று வைத்துவிட்டார்.

ஆட்டு பாட்டிலில் இன்னும் ஒரே ஒரு தட்டுக்குத்தான் இருந்தது. அடுத்தது பெங்களூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகும். சார் அதிலிருந்து இரண்டு சொட்டு மட்டும் எடுத்தார். ஒரு சொட்டைச் சுத்தமான தண்ணீரில் கலந்து சாயநீர் விட்டார், உடனே பளிச்சென்று நீலம். இன்னொரு சொட்டைக் கேனிலிருந்த கரைசலில் கலந்து சாயநீர் விட்டார். அது அசையவே இல்லை.

"ஆடு உசுரோடதான் இருக்குது" என்றார். "தண்ணிதான் அதைக் கொல்லுது."

அசைடு நொதியை முடக்கிவிடும், அதை நொதிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று அவர் எப்போதோ சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒப்பந்த வேலை, ஒரு புகார் போனால் மறுநாளே வர வேண்டாம் என்பார்கள்.

சார் வாசலுக்குப் போய் வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிச் சாமான் உடைந்துவிடும் என்று பயந்து வாசற்படி தாண்டி உள்ளே வராத மனிதர் அவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கழுவற கேன்ல நீங்க எதுனா போட்டீங்களா?"

"கேனா? இல்லியே சார்."

சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், நீங்க?"

"நானா? நான் எதுக்கு சார் கேனைத் தொடப் போறேன், அன்னிக்கு எனக்கு மலைக்குப் போற வேலையே சரியா இருந்துது, வேணும்னா ரிஜிஸ்டரைப் பாருங்க, அந்தப் பக்கமே நான் வரல, கரண்டு வேற இல்ல, இருட்டுல யாருக்கு இன்னா தெரியும்?"

அவர் பேனா முனையால் நோட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"வாட்ச்மேன் மூணு வார்த்தை. நீங்க இருபத்தெட்டு. அதுவும் 'அன்னிக்கு'ன்னு சொல்றீங்க. நான் எந்த நாளும் சொல்லலையே சிஸ்டர்?"

வாட்ச்மேனை எதற்குக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்றும் செய்யாத மனிதன் 'இல்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறார். அந்த மனிதரை முதல் குழியில் விட்டு, என்னை அடுத்த குழியில் விட்டிருக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் என் பதிலை அவர் நோட்டில் எழுதவில்லை என்பதையும் பார்த்தேன். சடைச்சி கையை நீட்டியது ஞாபகம் வந்தது. எனக்கு வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். வேன் வராவிட்டால் சடைச்சி இனி எந்த நர்சுக்கும் கையை நீட்ட மாட்டார்.

"நான்தான் போட்டேன் சார்" என்றேன்.

"மூணு வார்த்தை" என்றார். "எவ்ளோ?"

"ஒரு ஸ்பூன்."

"எந்த ஸ்பூன்?"

ஸ்பூனைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார். அவ்வளவுதான் விசாரணை. புதுக் கேனில் புதுக் கரைசல் தயார் செய்தோம். அதையும் அவர் சும்மா நம்பவில்லை. ஒரு சொட்டு விட்டு நீலம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வியாழக்கிழமை கடைசித் தட்டைப் போட்டார். எனக்குக் கிட்டே போகவே பயம், கதவோரம் நின்றேன். "வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். முதல் குழி தண்ணீராகவே இருந்தது. கடைசிக் குழி நீலம். நடுவில் ஒவ்வொன்றாக நீலம் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஏழாவது, சடைச்சியின் குழி, அதுவும் நீலம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தள்ளி நின்னு அழுங்க சிஸ்டர். குழியில விழுந்துடும்."

அன்று சாயங்காலம் டாக்டர் ஃபோனில் என்ன கோளாறு என்று கேட்டார். "கழுவற தண்ணில கோளாறு சார்" என்றார். யார் செய்தது என்று டாக்டர் விடவில்லை. "தண்ணிதான் சார்" என்றார் இவர். மறுபடி கேட்டதற்கும் அதே பதில்தான்.

அடுத்த வாரம் வேன் மலையேறியது. சாரும் வந்தார். ரத்தத்துக்குச் சொந்தக்காரர்களை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. சடைச்சியை நான் காட்டியதும் கைகூப்பி, "நீங்கதான் மூணாவது வரிசை ஏழாவது குழிங்களா?" என்றார். சடைச்சி என்னைப் பார்த்தார். அந்த மனிதர் அப்படித்தான், நல்லவர் என்று நான் கண்ணாலேயே சொன்னேன். பிறகு ஆடு மனிதனைக் கண்டுபிடிக்கும் கதையை அவர் முதலிலிருந்து விளக்கினார்.

"இதுக்கு ஊசி எதுக்கு சாமி?" என்றார் சடைச்சி. "எங்க ஆடு பாத்த ஒடனே கண்டுபுடிக்கும். உங்களைப் பாத்துத்தான் மெரளுது, பாருங்க."

சாருக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. புதர் ஓரமாகப் புல்லிலேயே உட்கார்ந்து ஆடுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். காலில் வெறும் செருப்பு. உண்ணி இருக்கும் இடம் சார், பேண்டை சாக்சுக்குள் விட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். "ஒரு நா ஒக்காந்தா கடிச்சுடுமா? இதுக்கு இன்னா சாட்சி?" என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையில் சீக்கிரமே சரியாகிவிட்டது, ஆனால் திரும்பி வந்து போட்ட முதல் தட்டில் முதல் குழி நன்றாக மஞ்சளாகிவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பார்த்ததில்லை. "அமாவாசை போச்சு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். மாஸ்டர் வெந்நீரில் ஓமம் போட்டுக் கொடுத்தார். திருப்பி வைக்காமல் குடித்தார்.

புது அமாவாசைக்கு ஆள் வேண்டும். என் ரத்தத்தையும் வாட்ச்மேன் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார். இரண்டும் சுத்தமாக இருந்தன. வாட்ச்மேனைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன், அன்றைக்கும் அவரைத்தானே முதல் குழியில் நிறுத்தினார். ஆனால் குப்பி மேல் அவர் எழுதி ஒட்டிய பெயர் என்னுடையது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பொய் சொன்ன ஆளைப் போய் ஏன் சார்?"

"வாட்ச்மேன் பொய் சொன்னா எப்பிடி இருப்பாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா எப்பிடி இருப்பீங்கன்னு தெரியும். எனக்கு அதுதான் வசதி" என்றார்.

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

திட்டம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த வீட்டில் இப்போது டியூஷன் நடக்கிறது. அவர் எலவனாசூர்கோட்டைக்கே போய்விட்டார். நான் சின்னசேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மாதா மாதம் அமாவாசையன்று அவரிடமிருந்து ஃபோன் வரும். "அமாவாசை, நல்லா இருக்கீங்களா?" என்பார். "இருக்கேன் சார்" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். இதற்கு எதற்கு ஒரு ஃபோன் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

போன அமாவாசைக்கு நான் சேலத்தில் இருந்தேன். என் வீட்டுக்காரருக்குக் காலையில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் உள்ளே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. ஊரிலிருக்கும் சாரை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

"அமாவாசை, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சார், வூட்ல எல்லாரும் சௌக்கியம், அவரும் நல்லாதான் இருக்காரு, இங்க வெயில்தான் ஜாஸ்தி, நீங்க எப்பிடி இருக்கீங்க, மேடம் சௌக்கியமா?"

அந்தப் பக்கம் பேனா முனையால் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"பதினேழு வார்த்தை சிஸ்டர்" என்றார். "எந்த ஊர்ல இருக்கீங்க, சொல்லுங்க. நான் கெளம்பி வரேன்."